கோஆக்ஸ் மின்னல் அரெஸ்டர்: பல மழைக்காலங்களுக்குப் பிறகு

அண்மையில் ஹாம் (பொழுதுபோக்கு வானொலி) உரிமம் பெற்ற மதுரை நண்பர் ஒருவர், 40 மீட்டர் பட்டைக்காக மொட்டைமாடியில் டைபோல் என்னும் கம்பி ஆன்டெனாவைக் கட்டிய கையோடு, ஆன்டெனாவிலிருந்து வரும் கோஆக்ஸ் கேபிளின் இடையே பொருத்தும் வாயுக் குழல் அரெஸ்டரை வாங்கலாமா என்று கேட்டிருந்தார். மின்னழுத்தம் ஓர் அளவைத் தாண்டினால், உள்ளே இருக்கும் வாயு நிரப்பிய சிறு குழல் கடத்தத் தொடங்கி, மின்னல் எழுச்சியைத் தரைக்குத் திருப்புவதே இந்தக் கருவியின் வேலை. திண்டுக்கல்லில் என் வீட்டு ஆன்டெனாவில் அத்தகைய அரெஸ்டர் ஒன்று பல ஆண்டுகளாக இருந்து வருவதால், அவருக்கு எழுதிய பதிலைச் சற்று விரித்து இங்கே பகிர்கிறேன்.

முதலில் அதற்கு உரிய பாராட்டைச் சொல்லிவிட வேண்டும். 7 மெகாஹெர்ட்ஸில் அது இருப்பதே தெரியாது. பொருத்துவதற்கு முன்பும் பின்பும் எஸ்.டபிள்யூ.ஆர். (அனுப்பும் சக்தியில் எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டும் அளவு) மாறாமல் இருந்தது, வரும் ஒலியிலும் குறைவில்லை. சென்ற ஐப்பசியில், மழை தொடங்குவதற்கு முன்பே விழுந்த முதல் இடி பக்கத்துத் தோட்டத்துத் தென்னையைக் கருக்கியது; தெருவில் சில வீடுகளில் செட்டாப் பாக்ஸும் ரூட்டரும் போயின. கேபிள் இணைப்பிலேயே இருந்தும் என் ரிக்குக்கு (வானொலிப் பெட்டிக்கு) ஒன்றும் ஆகவில்லை.

என் கோபம் அதற்குப் பிறகு தொடங்குகிறது. அந்தப் பெட்டிக்குள் இருக்கும் வாயுக் குழல் உயிரோடு இருக்கிறதா, இல்லையா என்பதை அறிய எந்த வழியும் வைக்கப்படவில்லை. குழல் குறுக்குச் சுற்றாகிப் பழுதுபட்டால் எஸ்.டபிள்யூ.ஆர். எகிறி நமக்குத் தெரிந்துவிடும். ஆனால் வாயு கசிந்து பழுதுபட்டால், குழல் கடத்தத் தொடங்கும் மின்னழுத்தம் உயர்ந்துவிடுமே தவிர, பேச்சிலோ கேட்பிலோ எந்த மாற்றமும் இராது. சாதாரண மல்டிமீட்டர் நல்ல குழலுக்கும் வாயு கசிந்த குழலுக்கும் ஒரே அளவைத்தான் காட்டும். எலக்ட்ரீஷியன் ஒருவரிடம் 500 வோல்ட் மெகர் (உயர் மின்னழுத்தம் கொடுத்துச் சோதிக்கும் மீட்டர்) வாங்கிச் சோதித்தபோதுதான், 230 வோல்ட்டை ஒட்டிக் கடத்தத் தொடங்கியிருக்க வேண்டிய என் குழல் 500 வோல்ட்டிலும் அசையவில்லை என்று தெரிந்தது. அந்த இடியில்தான் செத்ததா, அதற்கு முன்பே செத்துக் கிடந்ததா என்பதை யாராலும் சொல்ல முடியாது. பாதுகாப்புக்கென்று விற்கப்படும் ஒரு பொருள், தான் பாதுகாப்பதை நிறுத்திவிட்டதை உரியவருக்குச் சொல்லாமலிருப்பது பெரிய குற்றம் என்றே நினைக்கிறேன்.

மாற்றுக் குழல் கேட்டபோது விற்றவர் முதலில் முழு அரெஸ்டரையும் புதிதாக வாங்கச் சொன்னார். வற்புறுத்திய பிறகு 90 வோல்ட் குழலை அனுப்பிவைத்தார். 50 ஓம் கேபிளில் 100 வாட் அனுப்பும்போது உச்ச மின்னழுத்தமே 100 வோல்ட்டைத் தொடும் என்பதால், குரல் உயரும்போதெல்லாம் அந்தக் குழல் கடத்தி, அலைபரப்பையே தரையில் இறக்கிவிடும். 100 வாட் நிலையத்துக்கு 230 வோல்ட் குழல் பொருத்தமானது. வீட்டு மின்சாரத்தின் 230-க்கும் இந்த எண்ணுக்கும் தொடர்பில்லை.

நியாயமாகச் சொன்னால், நேரடி மின்னலைத் தாங்கவில்லை என்று இந்தக் கருவியைக் குறை கூற முடியாது. ஒரு மின்னல் வீச்சில் பாய்வது சாதாரணமாக 30,000 ஆம்பியர் அளவுக்கு இருக்கும். விரல் நுனி அளவுள்ள குழல் அதற்கானதன்று, அருகில் விழும் மின்னல் கம்பியில் தூண்டும் எழுச்சிக்கானது. அந்த வேலையைக்கூட அது எர்த்தை நம்பித்தான் செய்கிறது. நம் வீடுகளில் பெரும்பாலும் ரிக் மாடியறையில் இருக்கும். அரெஸ்டரை ஜன்னல் கம்பியில் முறுக்கிவிட்டு எர்த் ஆகிவிட்டதாக நினைப்பவர்கள் உண்டு. முறையாகக் கீழே கம்பி இறக்கினாலும், அதன் தூண்டல் (மின்னோட்டத்தின் திடீர் மாற்றத்தை எதிர்க்கும் தன்மை) மீட்டருக்கு ஏறத்தாழ 1 மைக்ரோஹென்றி இருக்கும். மைக்ரோவினாடிக்கு 10,000 ஆம்பியர் வீதம் மின்னோட்டம் ஏறினால், ஒவ்வொரு மீட்டரிலும் 10,000 வோல்ட் எழும். ஆகவே கேபிளைத் தரைமட்டம் வரை இறக்கி, அங்கே அரெஸ்டரை வைத்து, அகலமான செம்புப் பட்டையால் குறுகிய வழியில் தரையில் அடித்த எர்த் கம்பியோடு இணைப்பதே சரி. அந்த எர்த்தும் வீட்டு மின் இணைப்பின் எர்த்தும் தனித்தனியே கிடந்தால், இரண்டுக்கும் இடையே எழும் வேறுபாடு கோஆக்ஸ் வழியே நுழைந்து, ரிக்கைக் கடந்து, பவர் சப்ளை வழியே வெளியேறும். இரண்டையும் தடித்த கம்பியால் பிணைக்காத நிலையத்தில் அரெஸ்டர் இருந்தும் பயன் குறைவு.

இத்தனைக்குப் பிறகும், மேகம் கறுத்தால் கேபிளைக் கழற்றுவதை நான் விடவில்லை. கழற்றும் இடம் அறைக்கு வெளியே இருக்க வேண்டும். கழன்ற முனையிலிருந்தும் பொறி தாவும். மின்னலைக் கண்ட 30 வினாடிக்குள் இடி கேட்டால் அது 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. அதன் பின் கேபிளைத் தொடவே கூடாது. புனேயின் வெப்பமண்டல வானிலையியல் நிறுவனம் உருவாக்கிய தாமினி என்னும் மின்னல் எச்சரிக்கைச் செயலி, முன்கூட்டியே கழற்ற எனக்குப் பெரிதும் உதவுகிறது.

புதிய 230 வோல்ட் குழலோடு என் அரெஸ்டர் தொடர்ந்து வேலை செய்கிறது, அதை எடுத்துவிடும் எண்ணமும் எனக்கில்லை. ஆனாலும் நண்பருக்கு என் பதில், இப்போது வாங்க வேண்டாம் என்பதே. அந்தப் பணத்தில் முதலில் எர்த் கம்பியும் செம்புப் பட்டையும் வாங்கி, இரண்டு எர்த்தையும் பிணைத்துவிடுங்கள். அதன் பிறகும் அரெஸ்டர் வேண்டுமென்றால், குழலை நாமே கழற்றி மாற்றக்கூடிய மாதிரியை, உதிரிக் குழல்களையும் சேர்த்துத் தருகிற கடையில் மட்டும் வாங்குங்கள்.