ஹாசல்பிளாட், பென்டாக்ஸ், மாமியா: பழைய மீடியம் ஃபார்மட் கேமரா வாங்குமுன் நான் போட்ட கணக்கு

என் முதல் மீடியம் ஃபார்மட் கேமராவை (சாதாரண 35 மி.மீ.-ஐ விடப் பெரிய ஃபிலிமில் எடுப்பது) நான் கீழே போடவில்லை, மழையில் நனைக்கவும் இல்லை. ஒரு மாலை ஷட்டர் பொத்தானை அழுத்தினேன், சத்தமே வரவில்லை. புது பேட்டரி போட்டேன், பேட்டரி உட்காரும் தகடுகளைத் துடைத்தேன், பலனில்லை. 6x4.5 செ.மீ. அளவில் படமெடுக்கும், மின்னணு ஷட்டர் கொண்ட கேமரா அது. பழுது பார்ப்பவர் திறந்து பார்த்துவிட்டு, சர்க்யூட் போர்டு போய்விட்டது என்றார். இதே போல் செத்துப்போன இன்னொரு கேமரா கிடைத்தால் அதிலிருந்து எடுத்துப் போடலாம், ஆனால் அது எத்தனை நாளைக்கு ஓடும் என்று தன்னால் சொல்ல முடியாது என்றார். லென்ஸில் ஒரு கீறல்கூடக் கிடையாது. கேமராவை மட்டும் யாராலும் பிழைக்கவைக்க முடியவில்லை.

அடுத்த கேமராவுக்கு ஆறு மாதம் அலைந்தேன். கடைசியில் என் முன் நின்றவை மூன்று: ஹாசல்பிளாட் 500சி/எம், பென்டாக்ஸ் 67, மாமியா ஆர்பி67 ப்ரோ-எஸ். வாங்கியது மாமியாவை. இரண்டு ஆண்டுகளாக அதில்தான் படமெடுக்கிறேன். எனவே நடுநிலையான தீர்ப்பை என்னிடம் எதிர்பார்க்க வேண்டாம். ஹாசல்பிளாட்டை நண்பரிடம் இரவல் வாங்கி ஒன்றரை மாதம் பயன்படுத்தினேன். பென்டாக்ஸில் எடுத்தது மூன்றே மூன்று ரோல்.

படத்தின் தரத்தைப் பற்றி அதிகம் பேசப்போவதில்லை. மூன்றின் லென்ஸ்களும் அருமையானவை. எந்த நெகட்டிவ் எந்தக் கேமராவுடையது என்று கலந்து வைத்துக் கேட்டால் சட்டத்தின் வடிவத்தைப் பார்த்துத்தான் சொல்வேன். ஹாசல்பிளாட்டில் சதுரம், ஒரு 120 ரோலுக்கு 12 படம். மற்ற இரண்டிலும் 6x7, ரோலுக்கு 10 படம். சதுரம் பிடிக்குமா பிடிக்காதா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். எனக்குச் சதுரம் பிடிக்கும். இருந்தும் அச்சிடும்போது பாதிப் படங்களை வெட்டிக்கொண்டிருந்தேன்.

பென்டாக்ஸ் 67-ஐக் கையில் எடுத்தவுடன் ஆசை வந்துவிடும். சாதாரண 35 மி.மீ. எஸ்எல்ஆர் கேமராவை ஊதிப் பெரிதாக்கியதைப் போன்ற உருவம். கண்ணருகே வைத்துப் பார்க்கலாம், நடந்துகொண்டே எடுக்கலாம். 105 மி.மீ. எஃப்/2.4 லென்ஸ் முகங்களைப் பின்னணியிலிருந்து பிரித்துக் காட்டும் அழகை மற்ற இரண்டிலும் நான் பார்க்கவில்லை. 1969-இல் வெளிவந்த வரிசை இது. கண்ணாடி மேலெழும்பும்போது கேமராவே ஒருமுறை குதிக்கும். ஃபிளாஷ் வைத்து எடுப்பவர்களுக்கு ஒத்திசைவு 1/30 நொடியில் நின்றுவிடுகிறது; அதைவிட வேகமாக ஷட்டரை வைத்தால் ஃபிளாஷ் ஒத்துப்போகாது. இதற்காகவே தனி ஷட்டரோடு செய்யப்பட்ட லென்ஸ் ஒன்றிரண்டு உண்டு, அவ்வளவுதான். இதையெல்லாம் பொறுத்துக்கொண்டிருப்பேன். ஆனால் அதன் ஷட்டரின் நேரத்தைக் கணக்கிடுவது மின்சுற்று. 6 வோல்ட் பேட்டரி இல்லாவிட்டால் ஒரு படமும் எடுக்க முடியாது. ஒளியை அளக்கும் மீட்டர் உள்ள ப்ரிஸத்தை (கண் வைத்துப் பார்க்கும் மேல்பகுதி) இணைக்கும் மெல்லிய சங்கிலி வேறு. லென்ஸைக் கழற்றிவிட்டுத்தான் ப்ரிஸத்தைப் பொருத்த வேண்டும். இந்த வரிசை தெரியாமல் மாட்டியவர்களின் கைபட்டு அறுந்த சங்கிலிகள் ஏராளம். வாங்கும்போது அதை இயக்கிப் பார்த்துவிடுங்கள். ஒருமுறை சர்க்யூட் போர்டை இழந்தவன் நான். மூன்று ரோல் எடுத்த பழக்கத்தை வைத்து அந்தக் கேமரா நீடிக்காது என்று சொல்வது நியாயமில்லை. அதை வைத்துப் பல்லாண்டு படமெடுப்பவர்கள் இருக்கிறார்கள். என்னால் மட்டும் பயப்படாமல் அதை வாங்க முடியவில்லை.

ஹாசல்பிளாட் வேறு விஷயம். 1957-இல் வந்த 500சி-யின் நேர் வாரிசு 500சி/எம். பேட்டரி என்ற பேச்சே கிடையாது. 80 மி.மீ. லென்ஸோடு ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ. தோளில் மாட்டிக்கொண்டு நாள் முழுதும் நடக்கலாம். ரோல் பாதியில் இருக்கும்போதே மேகசினை (ஃபிலிம் இருக்கும் பின்பெட்டி) கழற்றி வேறு ஃபிலிம் போடலாம். இரவல் கேமராவைத் திருப்பிக் கொடுத்த நாளில் மனசே இல்லை. அதன் வரிசை எண்ணுக்கு முன்னால் நிற்கும் இரண்டு எழுத்துகள் தயாரித்த ஆண்டைச் சொல்லும்: யு, சி என்று இருந்தால் 1975. மேகசினின் வெளிக்கூட்டிலும் உள்ளே நுழையும் பகுதியிலும் உள்ள எண்கள் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். பொருந்தாவிட்டால் வேறு வேறு மேகசின்களின் பாகங்களைச் சேர்த்திருக்கிறார்கள் என்று பொருள். படங்களுக்கு இடையிலான இடைவெளி சீராக வராமல் போகலாம்.

பிறகு ஏன் வாங்கவில்லை? விலை ஒரு காரணம், மறுக்கவில்லை. அதைவிட என்னைத் தடுத்தது பராமரிப்பு. இந்த ஒன்றைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

ஹாசல்பிளாட், ஆர்பி67 இரண்டிலும் ஷட்டர் கேமராவுக்குள் இல்லை, லென்ஸுக்குள் இருக்கிறது. ஃபிளாஷை எந்த வேகத்திலும் பயன்படுத்தலாம் என்பது இதன் நன்மை. ஆனால் மூன்று லென்ஸ் வாங்கினால் மூன்று ஷட்டர் வாங்குகிறோம். மூன்றும் வெவ்வேறு நாளில் பழுதுக்குப் போகும். உள்ளே இருப்பது கடிகாரத்தில் உள்ளதைப் போன்ற பல்சக்கரத் தொடர். அதில் போட்ட மசகு ஆண்டுகள் கழித்து இறுகிவிடும். வேகமான 1/250, 1/500 எல்லாம் ஓரளவு சரியாகவே ஓடும். மெதுவான 1 நொடி, 1/2 நொடியில்தான் தடுமாற்றம் முதலில் தெரியும்.

இதுவரை இரண்டும் ஒன்றுதான். வேறுபாடு ஃபோகஸில் இருக்கிறது. ஹாசல்பிளாட்டில் ஃபோகஸ் செய்யும் திருகுமறை ஒவ்வொரு லென்ஸிலும் தனித்தனியாக உண்டு. ஷட்டரின் மசகு இறுகுவதைப் போல அதன் மசகும் இறுகும். வளையத்தைச் சுற்றினால் கை வலிக்கும் லென்ஸ்களை நான் திருப்பிப் பார்த்திருக்கிறேன். ஷட்டரைத் தொட லென்ஸைப் பிரிக்க வேண்டும். பிரித்தால் திருகுமறையையும் பார்க்க வேண்டும். ஆர்பி67-இல் ஃபோகஸ் செய்வது கேமராவின் முன்னால் உள்ள துருத்தி. பக்கத்துக் குமிழைச் சுற்றினால் லென்ஸ் முழுதும் அப்படியே முன்னே நகரும். எனவே லென்ஸ் என்பது கண்ணாடி, அப்பர்ச்சர், ஷட்டர், அவ்வளவே. (சில அகலக்கோண லென்ஸ்களிலும் 140 மி.மீ. மாக்ரோவிலும் கூடுதலாக ஒரு வளையம் உண்டு.) என் 127 மி.மீ. லென்ஸைப் பழுது பார்த்தவர் ஒரே நாளில் திருப்பிக் கொடுத்தார். "இதைச் செய்தவன் பிரிக்கப்போகிறவனையும் நினைத்துச் செய்திருக்கிறான்" என்று அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. இன்னொன்று: ஆர்பி67-இன் லென்ஸ்கள் ஏராளமாகப் புழங்குகின்றன. ஒரு லென்ஸ் தீராத பழுதாகிவிட்டால் அதே போன்ற இன்னொன்றை வாங்கிப் போட்டுவிட்டு வேலையைப் பார்க்கலாம். ஹாசல்பிளாட்டில் அப்படிச் செய்ய எனக்குத் தெம்பில்லை.

கேமராவின் உடல் பக்கம் வாருங்கள். ஹாசல்பிளாட்டில் லென்ஸும் உடலும் இரண்டுமே முறுக்கப்பட்ட (அடுத்த படத்துக்குத் தயாரான) நிலையில் இருந்தால்தான் மாட்ட வேண்டும். ஒன்று முறுக்கியும் மற்றொன்று விடுபட்டும் இருந்தால் இரண்டும் சிக்கிக்கொள்ளும்; கழற்றவும் வராது, இயங்கவும் செய்யாது. மேகசினை எடுத்துவிட்டு, பின்பக்கத்துக் கதவுகளின் வழியே நீண்ட ஸ்க்ரூடிரைவரை விட்டு, உள்ளே இருக்கும் திருகைச் சுழற்றி விடுவிக்க வேண்டும். பழகியவர்களுக்கு இரண்டு நிமிட வேலை. முதல்முறை செய்கிறவருக்கு உயிர் போய் உயிர் வரும்.

ஆர்பி67-இல் எல்லாம் தனித்தனி வேலை. பக்கத்தில் உள்ள பெரிய நெம்பைக் கீழே இழுத்தால் கண்ணாடியும் ஷட்டரும் தயாராகும். ஃபிலிமை நகர்த்துவதற்குப் பின்பக்க மேகசினில் வேறொரு நெம்பு. முதல் வாரம் இது எரிச்சலாக இருந்தது. ஒன்றை மறந்து மற்றொன்றை இழுத்துவிட்டு, பொத்தான் ஏன் அழுந்தவில்லை என்று திகைத்து நின்றிருக்கிறேன். பழகிய பிறகுதான் இதன் அருமை புரிந்தது. எது நின்றுபோனாலும் எங்கே நின்றது என்று உடனே தெரிகிறது. மேகசின், அதைப் பிடித்திருக்கும் சுழலும் தட்டு, வியூஃபைண்டர், லென்ஸ் எல்லாமே கழற்றி மாற்றக்கூடியவை. அவற்றையெல்லாம் கழற்றிய பிறகு மிச்சம் இருப்பது ஒரு பெட்டி, ஒரு கண்ணாடி, சில நெம்புகள், துருத்தி. 1974-இல் வந்த ப்ரோ-எஸ் மாதிரியில் டார்க் ஸ்லைடு (ஃபிலிமை ஒளியிலிருந்து மறைக்கும் தகடு) உள்ளே இருந்தால் அழுத்த முடியாதபடியும், ஒரே சட்டத்தில் தவறி இரண்டு படம் விழாதபடியும் பூட்டுகள் சேர்த்தார்கள். அதற்கு முந்தைய 1970 மாதிரி விலை குறைவாகக் கிடைக்கும், ஆனால் நான் ப்ரோ-எஸ் வாங்கவே சொல்வேன்.

பெயரில் உள்ள ஆர்பி என்பது சுழலும் பின்புறத்தைக் குறிக்கிறது. கேமராவைச் சாய்க்காமல் மேகசினை மட்டும் திருப்பினால் கிடைமட்டப் படம் செங்குத்தாகிவிடும். ட்ரைபாடில் நிற்கும் இந்தக் கனத்துக்கு இது பெரிய வரம்.

ஆம், கனம். 90 மி.மீ. லென்ஸோடு ஏறக்குறைய 2.7 கிலோ. இதை மழுப்ப விரும்பவில்லை. பயணத்தில் எடுப்பவர், தெருவில் நடந்து எடுப்பவர் இதை வாங்கினால் மூன்றாம் வாரமே வீட்டில் வைத்துவிட்டுப் போவார். அவர்களுக்கு ஹாசல்பிளாட், அது இல்லையென்றால் லென்ஸ் மாற்ற முடியாத இரட்டைக்கண் கேமரா ஏதாவது ஒன்று. படமெடுக்க ஒரே லென்ஸ், ஒரே ஷட்டர், எழும்பி விழும் கண்ணாடி இல்லை என்பதால் பராமரிப்புக் கணக்கில் இரட்டைக்கண் கேமரா இவை மூன்றையும் மிஞ்சிவிடும். நான் எடுப்பது பெரும்பாலும் உட்கார வைத்த முகங்களும் மேசை மேல் பொருள்களும். துருத்தி 46 மி.மீ. வரை நீள்வதால் சாதாரண லென்ஸிலேயே மிக அருகில் போக முடிகிறது. ஆனால் துருத்தியை நீட்டும்போது ஒளி குறையும், 127 மி.மீ. லென்ஸில் முழுதும் நீட்டினால் ஏறக்குறைய ஒரு ஸ்டாப் (இரு மடங்கு ஒளி) கூட்டிக்கொடுக்க வேண்டும். இதை மறந்து ஒரு முழு ரோலை இருட்டாக எடுத்திருக்கிறேன்.

இனி வாங்கும்போது பார்க்க வேண்டியவை. பூஞ்சை, கீறல், லென்ஸுக்குள் மங்கல் எல்லாம் டார்ச் அடித்துப் பார்ப்பது எல்லோருக்கும் தெரியும். துருத்திக்கும் அதே டார்ச்தான். இருட்டறையில் லென்ஸைக் கழற்றி, துருத்தியை முழுதும் நீட்டி, விளக்கெரியும் கைபேசியை உள்ளே வைத்து வெளியிலிருந்து மடிப்புகளின் மூலைகளைப் பாருங்கள். நான் பார்த்த முதல் ஆர்பி67-இல் மூலையில் மூன்று நட்சத்திரங்கள் மின்னின. திருப்பிக் கொடுத்துவிட்டேன். மேகசினின் ஓரங்களில் உள்ள கறுப்பு ஃபோமை விரலால் தொடுங்கள். தார் போல் ஒட்டினால் ஆயுள் முடிந்துவிட்டது. இதற்காகக் கேமராவை வேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை. பழையதைச் சுரண்டி, துடைத்து, ஒட்டும் ஃபோம் பட்டையை வெட்டி ஒட்ட எனக்கு ஒரு மேகசினுக்கு ஒரு மணி நேரம் ஆனது.

ஷட்டரைச் சோதிப்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். மசகு இறுகிய ஷட்டர் நான்கைந்து முறை இயக்கியதும் சற்று இளகிவிடும். கடைக்காரரோ பழைய உரிமையாளரோ நமக்குக் காட்டுமுன் பத்து முறை இயக்கியிருந்தால் எல்லாம் சரியாகவே தெரியும். ஓர் இரவு தொடாமல் வைத்திருந்து, காலையில் முதல் சொடுக்கை 1 நொடியில் கேளுங்கள். நான் செய்வது இப்படி: லென்ஸில் உள்ள குமிழைத் திருப்பிக் கண்ணாடியை முன்கூட்டியே தூக்கிவிடுவேன், பிறகு கேபிள் ரிலீஸால் ஷட்டரை மட்டும் இயக்கி, கைபேசியில் ஒலியைப் பதிவேன். திறக்கும் சத்தம், இடையில் பல்சக்கரத்தின் மெல்லிய இரைச்சல், மூடும் சத்தம். பதிவின் அலையில் இரண்டு முனைகள் எழுந்து நிற்கும். இடைவெளியை அளந்தால் போதும். இரைச்சல் விட்டுவிட்டு வந்தாலோ நடுவில் இழுத்தாலோ அந்த லென்ஸ் பழுது பார்ப்பவரிடம் போக வேண்டியது. அந்தச் செலவைச் சேர்த்துத்தான் விலை பேச வேண்டும். என் 127 மி.மீ. லென்ஸ் வந்த முதல் நாள் 1 நொடிக்கு 1.8 நொடி எடுத்துக்கொண்டது. பழுது பார்த்த பிறகு 1.05. மிக வேகமான 1/400-ஐ இந்த முறையில் நம்பகமாக அளக்க முடியாது. அதற்கு ஒரு ரோல் ஸ்லைடு ஃபிலிம் எடுத்துப் பார்ப்பதே வழி.

இப்போது 180 மி.மீ. லென்ஸ் ஒன்று கண்ணில் பட்டிருக்கிறது. படங்களில் கண்ணாடி சுத்தமாகத் தெரிகிறது. இரவு முழுதும் அப்படியே வைத்திருந்து, காலை முதல் சொடுக்கை 1 நொடியில் ஒலிப்பதிவு செய்து அனுப்பும்படி விற்பவரிடம் கேட்டிருக்கிறேன். பதிவு வந்ததும் அளந்து பார்த்துவிட்டு முடிவு செய்வேன்.