கண்புரையும் குளுக்கோமாவும்: லேசரைச் சேர்த்துச் செய்வதா, பிறகு செய்வதா?

கண்புரை முற்றிவிட்டது, குளுக்கோமாவுக்கும் (கண்ணுக்குள் இருக்கும் அழுத்தத்தால் பார்வை நரம்பு கெடும் நோய்) சொட்டு மருந்து போய்க்கொண்டிருக்கிறது. "எப்படியும் ஆபரேஷன் செய்யத்தானே போகிறோம், லேசரையும் சேர்த்தே முடித்துவிடலாமே" என்று வீட்டில் பேச்சு வரும். எந்த லேசர் என்று தெரியாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது.

அறுவையோடு சேர்த்துச் செய்யப்படும் முக்கியமான லேசர் இ.சி.பி. (எண்டோஸ்கோபிக் சைக்ளோஃபோட்டோகோயாகுலேஷன்). புரையை எடுத்த அதே சிறு திறப்பு வழியாக, கேமராவும் லேசரும் சேர்ந்த மெல்லிய குழாயை உள்ளே விடுகிறார்கள். ஐரிஸுக்கு (கண்ணின் நிறமுள்ள வளையம்) பின்னால், கண்ணுக்குள் நீர் சுரக்கும் மடிப்புகள் இருக்கின்றன. திரையைப் பார்த்துக்கொண்டே மருத்துவர் சுடச்சுட, அவை ஒவ்வொன்றாக வெளுத்துச் சுருங்கும். சுரப்பு குறைய, அழுத்தமும் இறங்கும். ஆனால் சுட்ட இடத்தைப் பழையபடி ஆக்க முடியாது. கண்ணுக்குள் அழற்சி கூடும், சிலருக்கு விழித்திரையின் நடுப்பகுதி வீங்கும், பார்வை தெளியக் கொஞ்சம் தாமதமாகலாம்.

எஸ்.எல்.டி. (செலக்டிவ் லேசர் டிராபெகுலோபிளாஸ்டி) வேறு வகை. நீர் வெளியேறும் சல்லடைப் பகுதியைத் தூண்டிவிடும் லேசர் அது. மெஷின் முன் தாடையை வைத்து உட்கார்ந்தால் சில நிமிடங்களில் முடிந்துவிடும். அன்றே வீடு திரும்பலாம். பலன் தெரிய சில வாரங்கள் பிடிக்கும். நாளாவட்டத்தில் பலன் குறைந்தால் மறுபடியும் செய்யலாம். பிரிட்டனில் நடந்த லைட் ஆய்வில் (2019), லேசரில் சிகிச்சையைத் தொடங்கியவர்களில் 74 சதவீதம் பேருக்கு மூன்று வருடம் கழித்தும் சொட்டு மருந்து தேவைப்படவில்லை. அவர்கள் புதிதாக நோய் கண்டறியப்பட்டவர்கள். மூன்று மருந்து போட்டும் அடங்காத கண்ணுக்கு அதே பலனை எதிர்பார்க்கக் கூடாது.

எஸ்.எல்.டி.யைப் புரை எடுத்த கண்ணிலும் செய்யலாம் என்பதால் ஆபரேஷன் நாளோடு அதை முடிச்சுப் போட வேண்டியதில்லை. இ.சி.பி. அப்படியல்ல, பிறகு செய்ய வேண்டுமானால் கண்ணை மறுபடி திறக்க வேண்டும்.

கோணம் மூடிய வகை குளுக்கோமாவில், அதாவது ஐரிஸின் ஓரத்தில் நீர் வெளியேறும் மூலை அடைபடும் வகையில், கதையே வேறு. தடித்த லென்ஸ்தான் அங்கே வடிகாலை நெருக்குகிறது. புரை ஆபரேஷனில் அதை எடுத்தாலே பலருக்கு அழுத்தம் நன்றாக இறங்கும். 2016-இல் வெளியான ஈகிள் ஆய்வில், ஐரிஸில் துளையிடும் லேசரைவிட லென்ஸை எடுத்ததே நல்ல பலன் தந்தது. அந்த மூலை திறந்தே இருக்கும் திறந்த கோண வகையில் புரையை மட்டும் எடுத்தால் குறைவது கொஞ்சம்தான்.

ஆகவே திறந்த கோணம், ஓரிரண்டு மருந்து, நரம்புச் சேதம் குறைவு என்றால், முதலில் புரையை மட்டும் எடுத்துவிட்டு, சில மாதம் அழுத்தத்தைப் பார்த்துத் தேவைப்பட்டால் எஸ்.எல்.டி. செய்வதே சரி என்பேன். மூன்று மருந்து போட்டும் அடங்கவில்லை, அல்லது கை நடுங்கிச் சொட்டு கன்னத்தில்தான் விழுகிறது என்ற நிலையில் இருக்கும் பெரியவருக்கு இ.சி.பி.யைச் சேர்த்துச் செய்வதில் நியாயம் இருக்கிறது. நரம்பு மிகவும் கெட்டிருந்தால் இரண்டு லேசரும் போதாமல் போகலாம்; நீர் வெளியேறப் புது வழி அமைக்கும் டிராபெகுலெக்டமி அறுவை பற்றித்தான் பேச வேண்டும்.

எதைச் செய்தாலும் முதல் ஒன்றிரண்டு நாளில் அழுத்தம் திடீரென ஏறலாம். மறுநாள் செக்கப்பைத் தவறவிடாதீர்கள். குளுக்கோமா சொட்டை மருத்துவர் சொல்லாமல் நிறுத்தாதீர்கள்.