பழைய சின்ன பைக்கின் பின் சக்கர பேரிங்கைக் கழற்ற இந்த ஆப்புக் கம்பி புல்லர் செட் தேவையா?

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: 100, 125 சிசி பழைய வண்டியை நீங்களே பிரித்து மாட்டுகிறவர் என்றால் வாங்குங்கள். ஆனால் பேரிங் துளைக்குள் விரிந்து பிடிக்கும் தலைகளின் எஃகு எப்படி இருக்கிறது என்று பார்த்து வாங்குங்கள், ஏனென்றால் இந்தச் செட்டின் பலவீனம் முழுக்க அங்கேதான் இருக்கிறது.

செட்டில் 10, 12, 15, 17, 20 மிமீ என்று ஐந்து தலைகள், முனை ஆப்பு போல் சீவிய இரண்டு கம்பிகள், அவ்வளவுதான். ஒவ்வொரு தலையும் நடுவே பிளந்த எஃகு உருளை. அதை வெளிப்பக்கமிருந்து பேரிங்கின் துளைக்குள் செருகி, எதிர்ப்பக்கத்திலிருந்து ஹப்புக்குள் (பேரிங்குகள் உட்காரும் சக்கரத்தின் நடுப்பகுதி) கம்பியை விட்டு, முனையைப் பிளவில் பொருத்தி ஒரு தட்டு தட்டினால் தலை விரிந்து உள் வளையத்தைப் பிடித்துக்கொள்ளும். அதற்கு மேல் அடிக்கிற ஒவ்வொரு அடியும் தலையையும் பேரிங்கையும் சேர்த்து வெளியே தள்ளும். எந்த அளவுத் தலை என்பதற்கு பேரிங் எண்ணே பதில்: கடைசி இரண்டு இலக்கம் 00 என்றால் துளை 10 மிமீ, 01 என்றால் 12, 02 என்றால் 15, 03 என்றால் 17, அதற்கு மேல் 04 முதல் ஐந்தால் பெருக்கிக்கொள்ள வேண்டும். 6301 என்றால் 12 மிமீ துளை, 6202, 6302 இரண்டுக்கும் 15. சின்ன வண்டிகளின் சக்கரத்துக்கு 12, 15, 17 இந்த மூன்றுமே பெரும்பாலும் போதும்.

இதெல்லாம் எதற்கு, ஒரு நீளக் கம்பியை வைத்து அடித்தால் வராதா என்று கேட்பவர்கள் உண்டு. வரும், உள்ளே இரண்டு பேரிங்கையும் இடைவெளி விட்டு நிறுத்தும் ஸ்பேசர் குழாய் ஒரு பக்கமாக நகர்ந்து உள் வளையத்தின் ஓரம் கொஞ்சம் தெரிந்தால். பல வருஷம் கழற்றாத சக்கரத்தில் அந்தக் குழாய் இரண்டு பேரிங்குக்கும் நடுவே துருவோடு இறுகிப்போய், நகரவே நகராது. கம்பி நிற்க இடமே இல்லாதபோது அடித்தால் குழாயின் விளிம்புதான் நசுங்கும், அப்புறம் புதுக் குழாய் தேட வேண்டும். நகத்தை மாட்டி, கம்பியில் ஓடும் எடையை இழுத்தடித்துக் கழற்றும் ஸ்லைடு ஹாமர் வகைப் புல்லருக்கும் இதே சிக்கல், அதன் நகம் வளையத்துக்குப் பின்னால் போய் மாட்டிக்கொள்ளக் கொஞ்சமாவது இடைவெளி வேண்டும். பிளவுத் தலைக்கு அந்த இடைவெளி வேண்டாம், அது துளையின் சுவரையே உராய்வால் பிடிக்கிறது. அதனால் துளைக்குள் எண்ணெயோ கிரீஸோ இருந்தால் தலை வழுக்கிக்கொண்டு வந்துவிடும். அசிட்டோன் நனைத்த துணியால் துளையையும் தலையையும் நன்றாகத் துடைத்துவிட்டு மாட்டினால் பிடிப்பே வேறு. செட்டோடு வந்த தாளில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

சரி, பேரிங் வரைக்கும் போய்ச் சேர வேண்டுமே, பழைய வண்டியில் அதுவே பாதி வேலை. ஆக்ஸில் ஸ்பேசருக்குள்ளும் பேரிங்கின் உள் வளையத்துக்குள்ளும் துருப்பிடித்து ஒட்டியிருக்கும். நட்டைக் கழற்றி, ஆக்ஸிலின் தலையில் ஸ்பேனர் போட்டு முதலில் சுழற்றிப் பாருங்கள். சுழன்றால் வெளியே வந்துவிடும். சுழலவில்லை என்றால் துருவிளக்கி எண்ணெயை ஊற்றி ஒரு ராத்திரி விடுங்கள். WD-40 என்று எல்லோரும் கையில் எடுப்பது 1953இல் ஈரத்தை விரட்டுவதற்காகச் செய்த கலவை, சின்னத் துருவுக்கு உதவும், இறுகிய ஆக்ஸிலுக்கு அதைவிட ஊடுருவும் எண்ணெய் என்றே விற்பது நல்லது. அடிக்கும்போது நட்டை ஆக்ஸில் முனையோடு சமமாகத் திரும்பப் போட்டுவிட்டு, செம்பு அல்லது பித்தளைச் சுத்தியலால் அடியுங்கள், மரை பிழைக்கும். பிரேக் ராடு, பிரேக் தட்டு சுழலாமல் பிடிக்கும் டார்க் ஆர்ம் இரண்டையும் கழற்றாமல் ஆக்ஸிலோடு மல்லுக்கட்டுவது வீண்.

செயின் பல்சக்கரத்தைத் தாங்கும் ஸ்ப்ராக்கெட் கேரியர் ரப்பர்களோடு ஒட்டிக்கொண்டிருந்தால் சோப்புத் தண்ணீர் விட்டு இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி நெம்ப வேண்டும், ஒரே பக்கம் நெம்பினால் கோணிக்கொண்டு இன்னும் இறுகும். ஸ்ப்ராக்கெட் நட்டுகளுக்கு அடியில் மடித்த பூட்டு வாஷர் இருந்தால் அதை நிமிர்த்திவிட்டுத்தான் ஸ்பேனரே வைக்க வேண்டும். பிரேக் டிரம்முக்குள் இருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள், பழைய ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்புண்டு. ஈரத் துணியால் துடைத்தெடுங்கள்.

புல்லரைத் தொடுவதற்கு முன் இன்னொன்று. ஆயில் சீலை எடுத்த பிறகு பேரிங்குக்கு மேல் சர்க்ளிப்போ (பள்ளத்தில் உட்காரும் வில் வளையம்) மரை போட்ட வளையமோ இருக்கிறதா என்று இரண்டு பக்கமும் வெளிச்சம் அடித்துப் பாருங்கள். மரை வளையத்தை ஓரத்தில் உளியால் குத்திப் பூட்டியிருப்பார்கள், அந்தக் குத்தைத் துளைத்து எடுக்காமல் திருப்பினால் மரையே கிழியும், சில வண்டிகளில் அது இடது மரையாகவும் இருக்கும். வளையம் இருக்கும் பக்கத்து பேரிங்கை விட்டுவிட்டு எதிர்ப்பக்கத்தை முதலில் எடுப்பதுதான் வழக்கம்.

அடுத்தது சூடு. சுத்தியலை விட இதுதான் வேலையை முடிக்கிறது என்பது என் உறுதியான கருத்து. ஹப் அலுமினியம், பேரிங் எஃகு. அலுமினியம் ஒரு டிகிரிக்கு ஒரு மீட்டரில் சுமார் 23 மைக்ரான் விரியும், எஃகு அதில் பாதிதான். ஹப்பில் பேரிங் உட்கார்ந்திருக்கும் 42 மிமீ குழியை 80 டிகிரி சூடேற்றினால் எஃகை விட அலுமினியம் சுமார் 0.04 மிமீ கூடுதலாக விலகும். கேட்பதற்கு ஒன்றுமில்லாதது போல் இருக்கும், ஆனால் பேரிங்கை அந்தக் குழி இறுக்கிப் பிடித்திருப்பதே மில்லிமீட்டரில் நூறில் சில பங்குதான். ஹீட் கன் போதும், நெருப்பு வேண்டாம். ஹப்பில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் சுர்ரென்று ஆவியாகும் அளவு சூடு சரி. அதற்கு முன் எண்ணெயையும் அசிட்டோனையும் துடைத்து உலரவிடுங்கள். குளோரின் கலந்த பிரேக் கிளீனர் போட்ட இடத்தைச் சூடாக்கவே கூடாது, பாஸ்ஜீன் என்ற விஷ வாயு வரும்.

சக்கரத்தை ரிம்மில் தாங்கவிடாமல் ஹப்பின் அடியில் மரக்கட்டை கொடுத்து, பேரிங் விழுவதற்கு இடம் விட்டு வையுங்கள், இல்லாவிட்டால் அடியெல்லாம் ஸ்போக்ஸ் வாங்கிக்கொள்ளும். இவ்வளவும் செய்த பிறகு 15 மிமீ தலையை மாட்டி அடித்தபோது, வெறும் கம்பிக்கு அசையாத பேரிங் கொஞ்சம் கொஞ்சமாக, கோணாமல், நேராக இறங்கியது. இந்தச் செட்டுக்கு நான் முழு மனதோடு மதிப்பெண் கொடுப்பது இந்த நேர்த்திக்குத்தான். வெறும் கம்பியால் ஒரு ஓரத்தில் அடித்தால் பேரிங் சாய்ந்து குழியின் சுவரைக் கீறும், குழி கெட்டால் ஹப்பே போயிற்று.

குறைகள் உண்டு. 12 மிமீ தலையின் எஃகு மென்மையாக இருக்கிறது, கொஞ்ச வேலைக்குப் பிறகு பிளவு விரிந்தது விரிந்தபடியே நின்றுவிட்டது, பழைய அளவுக்குச் சுருங்கவில்லை. கம்பியின் அடிவாங்கும் முனை காளான் போல விரிகிறது, அந்த ஓரத்திலிருந்து சில்லு தெறிக்கும் என்பதால் அவ்வப்போது கிரைண்டரில் சீவிவிட வேண்டும், பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் அடிக்கவே கூடாது. ஆப்பின் கோணம் அதிகமாக இருப்பதால் பிளவிலிருந்து எகிறிக்கொண்டு வருகிறது, சாய்வு இன்னும் நீளமாக இருந்திருக்க வேண்டும். 10, 20 மிமீ தலைகளுக்குப் பதில் 12, 15 தலைகளை நல்ல எஃகில் இரண்டிரண்டாகக் கொடுத்திருந்தால் எவ்வளவோ மேல்.

மிகவும் துருப்பிடித்த பேரிங்கில் உள் வளையமும் குண்டுகளும் மட்டும் கழன்று வந்து வெளி வளையம் குழிக்குள்ளேயே நின்றுவிடலாம். அங்கே இந்தச் செட்டால் ஒன்றும் ஆகாது. அந்த வளையத்தின் உள் சுவரில் வெல்டிங்கால் ஒரு சுற்று ஓட்டினால் ஆறும்போது சுருங்கித் தானே தளர்ந்துவிடும், வெல்டரிடம் கொடுப்பது உத்தமம்.

ஒரு பேரிங் வெளியே வந்ததும் ஸ்பேசர் குழாய் கையில் விழும். மற்றதை எதிர்ப்பக்கமிருந்து அளவான சாக்கெட்டை வைத்தே தட்டி எடுத்துவிடலாம், அதற்கு இந்தச் செட் வேண்டியதில்லை. கழற்றிய இரண்டையும் திரும்பப் போடாதீர்கள், உள் வளையத்தில் வாங்கிய அடி குண்டு ஓடும் பாதையில் பள்ளம் போட்டிருக்கும். புதியதை வெளி வளையத்தில் மட்டும் தட்டி இறக்குங்கள், ஸ்பேசரை நடுவே வைக்க மறக்காமல்.