டாவி வால்வு: மூன்றாம் நாளே வீட்டுக்கு அனுப்புகிறார்களா? ஈசிஜி தாளைக் கேளுங்கள்

கோலாலம்பூரில் ஒரு தனியார் மருத்துவமனை. எண்பதை நெருங்கும் அம்மா ஒருவருக்கு, நெஞ்சைத் திறக்காமல், தொடை ரத்தக்குழாய் வழியாகப் புது அயோர்டிக் வால்வு வைத்தார்கள். இதைத்தான் டாவி (TAVI) என்கிறார்கள். "சின்ன ஓட்டைதான், சீக்கிரம் வீட்டுக்குப் போயிடலாம்" என்று பிள்ளைகளிடம் சொல்லி, மூன்றாம் நாள் டிஸ்சார்ஜ். அடுத்த வாரமே செந்தூலில் வீட்டுக் குளியலறையில் மயங்கி விழுந்தார். நாடித்துடிப்பு 30. அவசரமாக, இதயத்தைத் துடிக்க வைக்கும் பேஸ்மேக்கர் கருவி வைத்து, அதற்குத் தனி பில்லும் நீட்டினார்கள்.

சிக்கல் வந்ததே தப்பு என்று சொல்லவில்லை. அயோர்டிக் வால்வுக்குச் சற்றுக் கீழேதான் இதயத்தின் மின்கடத்தும் இழைகள் ஓடுகின்றன. வால்வின் உலோகக் கூண்டு விரியும்போது அவற்றை அழுத்தும். அதனால் வரும் வீக்கம் சில நாள் கழித்தும் மின்னோட்டத்தில் தடையை உண்டாக்கும். சுமார் 10 பேரில் ஒருவருக்கு பேஸ்மேக்கர் தேவைப்படுகிறது, தானாக விரியும் வகை வால்வில் இன்னும் அதிகம். இதை முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லவில்லை என்பது முதல் குறை.

இரண்டாவது குறைதான் மன்னிக்க முடியாதது. சிகிச்சைக்கு முன் எடுத்த ஈசிஜியிலேயே வலது கிளைத் தடை (இதயத்தின் வலப்பக்க மின்பாதையில் அடைப்பு, RBBB) இருந்தது. பேஸ்மேக்கர் தேவைப்படும் என்பதற்கு அதைவிடப் பெரிய அறிகுறி கிடையாது. அப்படிப்பட்டவருக்கு, இதயத்தைத் துடிக்க வைக்கப் போடும் தற்காலிக பேஸ்மேக்கர் வயரை மறுநாள் வரையாவது எடுக்கக்கூடாது. டிஸ்சார்ஜ் அன்று எடுத்த தாளின் மேல் ஓரத்தில் மெஷினே அச்சடித்திருந்தது: பி.ஆர். (இதயத்தின் மேலறையிலிருந்து கீழறைக்கு மின்துடிப்பு போய்ச்சேரும் நேரம்) 268 மில்லிசெகண்ட். முன்பு அது 190. 240 மில்லிசெகண்டைத் தாண்டினாலே மானிட்டரில் வைத்திருக்க வேண்டும், இல்லையென்றால் 14 நாள் ஹோல்டராவது (உடம்பில் ஒட்டி இதயத்துடிப்பைத் தொடர்ந்து பதிக்கும் கருவி) ஒட்டி அனுப்ப வேண்டும். இரண்டும் நடக்கவில்லை.

ஆகவே சம்மதத் தாளில் கையெழுத்துப் போடும் முன் முழு சிடி ஸ்கேன் அளவுகளைக் கேளுங்கள். உள்ளே போகும் குழாய் சுமார் 6 மில்லிமீட்டர் தடிமன். தொடைக்குழாய் 5.5 மில்லிமீட்டருக்கும் குறுகலாகவோ சுண்ணாம்பு படிந்தோ இருந்தால் கிழிந்து ரத்தம் கொட்டலாம். வால்வு அளவு சிறிதானால் ஓரத்தில் கசியும், பெரிதானால் வால்வு உட்காரும் வளையமே கிழியலாம். சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு ஸ்கேனுக்காக ஊசியில் போடும் சாய மருந்தே சிக்கல், அதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். மனசு ஒப்பவில்லையென்றால் ஜாலான் துன் ரசாக்கில் உள்ள தேசிய இதயக் கழகத்திலும் (ஐஜேஎன்) காட்டிக் கேட்கலாம்.

செலவு மதிப்பீட்டை எழுத்தில் வாங்குங்கள். "பேக்கேஜ்" என்ற ஒற்றை வரி போதாது. பேஸ்மேக்கர், ரத்தம், கூடுதல் ஐசியு நாள், ரத்தக்குழாய் சர்ஜன் எல்லாம் அதில் சேர்ந்ததா என்று தனித்தனியாகக் கேளுங்கள்.

வீடு திரும்பும்போது கடைசி ஈசிஜியின் நகலும், வால்வின் பெயர், அளவு, சீரியல் எண் எழுதிய அட்டையும் கையில் இருக்க வேண்டும். தலைசுற்றல், கண் இருட்டல், வாய் கோணல், தொடையில் புடைப்பு, கால் சில்லிடுதல் எது வந்தாலும் காலை வரை பொறுக்காமல் 999.

ஏற்கெனவே இப்படி நடந்திருந்தால், முதலில் மருத்துவமனைக்கு எழுத்தில் புகார் கொடுத்துப் பதிலை வாங்குங்கள். பதில் சரியில்லையென்றால் சுகாதார அமைச்சின் தனியார் மருத்துவக் கட்டுப்பாட்டுப் பிரிவுக்கு எழுதுங்கள். டாக்டர் மீதான புகார் என்றால் மலேசிய மருத்துவ மன்றத்துக்கு. இரண்டு ஈசிஜி தாள்களையும் மறக்காமல் இணையுங்கள்.