பேரிங் மட்டுமா, டப் முழுவதுமா?

முன்பக்கம் திறக்கும் வாஷிங் மெஷின் பிழியும்போது பெரிதாக இரைகிறதா? பிளக்கை எடுத்துவிட்டு டிரம்மைக் கையால் சுற்றிப் பாருங்கள். கரகரவென்று உரசினால், விளிம்பைத் தூக்கும்போது உள்டிரம் மட்டும் தனியாக ஆடினால், டிரம்மின் தண்டைத் தாங்கிச் சுழலவிடும் பேரிங் பெரும்பாலும் போய்விட்டது.

பேரிங்கை மட்டும் மாற்றினால் செலவு குறைவு, வேலைதான் அதிகம். டப்பை, அதாவது டிரம்மைச் சுற்றி இருக்கும் வெளித்தொட்டியை, வெளியே எடுத்து, இரண்டாகப் பிரித்து, பழைய பேரிங்குகளைத் தட்டி எடுக்க வேண்டும். அப்புறம், ரப்பர் சீலும் கட்டாயம் புதிதாக இருக்க வேண்டும். அதன் வழியே கசியும் தண்ணீர்தான் பெரும்பாலும் பேரிங்கைத் துருப்பிடிக்க வைக்கிறது. பழைய சீலே இருந்தால் அதே இரைச்சல் திரும்பி வரும்.

டப் முழுவதும் மாற்றினால் செலவு கூடும், தட்டிக் கழற்றும் பாடு இல்லை. பாதிகள் ஒட்டப்பட்ட டப்புக்குப் பெரும்பாலும் இதுதான் வழி. திருகு போட்ட டப், தேயாத தண்டு என்றால் நான் பேரிங்கைத்தான் மாற்றுவேன்.