செட்டிநாட்டு வீட்டுக்கு எந்த கிடார் ஆம்ப்: ஃபிரன்ட்மேனா, ஆரஞ்சா, கட்டானா மினியா?

காரைக்குடி பக்கம் யாராவது புதுசா எலக்ட்ரிக் கிடார் வாங்குனா அடுத்த கேள்வி "அண்ணே, எத்தனை வாட்ஸ் ஆம்ப் வாங்கலாம்?"னுதான் வருது. ஆம்ப்னா கிடார் சத்தத்தப் பெரிசாக்கிக் குடுக்குற ஸ்பீக்கர் பெட்டி. நான் திருப்பிக் கேக்குறது, எந்த ரூம்ல உக்காந்து வாசிக்கப் போறீங்கன்னு. ஏன்னா நம்ம ஊரு பழைய வீடும் மெட்ராஸ் ஃப்ளாட்டும் சத்தத்துக்கு ஒண்ணு கிடையாது. கீழ ஆத்தங்குடிக் கல்லு கண்ணாடி மாதிரி, சுவத்துல முட்டை வெள்ளைக்கரு போட்டு இழைச்ச சுண்ணாம்புப் பூச்சு, மேல உசரமான மரக்கூரை, இதுல எதுவும் சத்தத்த உறிஞ்சாது, அப்படியே திருப்பி அடிக்கும். வளவுல, அதாவது வீட்டு நடு முற்றத்துல, நின்னு ஒரு தடவ கை தட்டிப் பாருங்க, அந்த சத்தம் அடங்க எவ்வளவு நேரம் ஆகுதுன்னு கேளுங்க. அதுதான் உங்க ஆம்ப் முதல்ல பேசப்போற ஆளு.

எங்க அக்கா மகனுக்கு ஆம்ப் வாங்கணும்னு வந்தப்ப கடையில நின்னு முடிவு பண்ண எனக்கு மனசு வரல. என்கிட்ட ஃபெண்டர் ஃபிரன்ட்மேன் 10ஜி இருந்துச்சு, தேவகோட்டைல இருக்கிற நண்பர்கிட்ட ஆரஞ்சு க்ரஷ் 12 இருந்துச்சு, இன்னொருத்தர்கிட்ட பாஸ் (Boss) கம்பெனி கட்டானா மினிய ரெண்டு நாளைக்குக் கேட்டு வாங்கிட்டு வந்தேன், மூணையும் பள்ளத்தூர்ல அக்கா வீட்டு வளவுல வரிசையா வச்சு ஒரே கிடார், ஒரே கேபிள், ஞாயித்துக்கிழமை பூரா அவனும் நானும் மாத்தி மாத்தி வாசிச்சோம். மூணுமே பத்தாயிரம் ரூபாய்க்கு அங்கிட்டும் இங்கிட்டும் வர்ற சாமானுங்க, அதுல ஃபிரன்ட்மேன்தான் விலை கம்மி.

வாட்ஸ் விஷயத்த மொதல்ல முடிச்சிடுவோம். ஃபிரன்ட்மேன் 10 வாட்ஸ், ஆரஞ்சு 12, கட்டானா மினி 7. பாக்க பெரிய வித்தியாசமா தெரியும், ஆனா காதுக்கு அப்படி இல்ல. வாட்ஸ் ரெண்டு மடங்கானா சத்தம் 3 டெசிபல்தான் கூடும், ரெண்டு மடங்கு சத்தமா இருக்குன்னு காது சொல்லணும்னா வாட்ஸ் சுமாரா பத்து மடங்கு ஆகணும். அதனால 10 வாட்ஸா 20 வாட்ஸான்னு ராத்திரி தூக்கத்த கெடுத்துக்காதீங்க. இதுக்கு முந்தி ஒருத்தர்கிட்ட 40 வாட்ஸ் ஆம்ப் கடன் வாங்கி அதே வீட்டுல வச்சிருந்தோம், வால்யூம ரெண்டுக்கு மேல திருப்ப முடியல, பக்கத்து உள்வீட்டுல அடுக்கி வச்சிருந்த சீர் பாத்திரமெல்லாம் சில ஸ்வரத்துக்கு மட்டும் கிணுகிணுன்னு கூடவே அடிக்குது. ரெண்டுல வச்சே வாசிக்கணும்னா பெரிய ஆம்ப் எதுக்கு.

இப்ப சத்தத்தோட குணத்துக்கு வருவோம். ஃபிரன்ட்மேன்ல 6 இஞ்ச் ஸ்பீக்கர், க்ளீன் டோன், அதாவது கரகரப்பு இல்லாத சுத்தமான சத்தம், இந்த விலைக்கு ரொம்ப அழகு, கம்பியத் தொட்டா மணி அடிச்ச மாதிரி தெளிவா வரும். சத்தத்த ராக் மாதிரி கரகரப்பாக்குற ஓவர்டிரைவ் பட்டனப் போட்டீங்கன்னா மட்டும் கூட்டுக்குள்ள வண்டு மாட்டுன மாதிரி ஒரு இரைச்சல், கெய்ன (கரகரப்பு அளவ மாத்துற குமிழ்) எவ்வளவு கொறச்சு வச்சாலும் எனக்கு அது புடிக்கல. ட்ரெபிள் (மேல் சத்தம்), பாஸ் (bass, அடிச் சத்தம்) ரெண்டு குமிழ்தான் இருக்கு, நடுச் சத்தத்துக்கு மிட் கிடையாது. ஆனா போன் பாட்ட ஆம்ப்ல குடுக்குற ஆக்ஸ் ஓட்டை இருக்கு, அத நான் ரொம்பப் பெரிசா நினைக்கிறேன். ஏன்னா நான் வாசிக்கிறது பாதி நேரம் கர்நாடக சங்கீதம், போன்ல தம்புரா ஆப் ஓடவிட்டு ஆக்ஸ்ல சொருகுனா சுருதியும் கிடாரும் ஒரே ஸ்பீக்கர்ல இருந்து வரும், சுருதி கொஞ்சம் விலகுனாலும் உடனே காதுல குத்தும். போன் ஸ்பீக்கர்ல தம்புராவப் போட்டுட்டு ஆம்ப்ல கிடார வாசிக்கிறது வேற, இது வேற, ஒரு வாரம் செஞ்சு பாத்தா புரியும்.

ஆரஞ்சு க்ரஷ் 12 நேர் எதிர். ஸ்பீக்கர் அதே 6 இஞ்ச்தான், ஆனா டிரைவ் தனி ருசி, கெய்ன் ஒண்ணு ஓவர்டிரைவ் ஒண்ணுன்னு தனித்தனியா ரெண்டு குமிழ் இருக்கறதால க்ளீனுக்கும் டிஸ்டார்ஷனுக்கும் நடுவுல உள்ள எடத்த நிதானமா தேடிக் கண்டுபிடிக்கலாம். அந்த நடு எடம்தான் ஸ்வரத்த அசைச்சு வாசிக்கிற கமகத்துக்கு உயிர். சுத்தமான க்ளீன்ல தோடி ராகத்துக் காந்தாரத்த அசைச்சீங்கன்னா ஸ்வரம் பாதியிலயே செத்துப்போயிடும், லேசா கெய்ன் ஏத்துனா கம்பி இழுத்து நிக்கும், அசைவு முடியற வரைக்கும் சத்தம் கூடவே வரும். மிட் குமிழும் இருக்கு, வளவுல பாஸ் எதிரொலிச்சுக் குழம்பும்போது பாஸக் கொறச்சு மிட்ட ஏத்துனா கிடார் தனியாத் தெரியும். இவ்வளவு நல்லதச் செஞ்சுட்டு ஆக்ஸ் வைக்காம விட்டுட்டாங்களேன்னு எனக்கு உண்மையிலயே வருத்தம். ஆக்ஸ் வேணும்னா க்ரஷ் 20க்குப் போகணும், அதுல 8 இஞ்ச் ஸ்பீக்கர், விலையும் ஏறிடும்.

கட்டானா மினிய கையில தூக்குனதும் அவன் "அம்மான், இது வெளையாட்டு சாமானா?"ன்னு கேட்டான். ஒண்ணேகால் கிலோ கூட வராது, ஸ்பீக்கர் 4 இஞ்ச்தான். ஆன் பண்ணதும் ரெண்டு பேருமே ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டோம். க்ளீன், க்ரஞ்ச், ப்ரவுன்னு மூணு குணம், மூணுமே உபயோகப்படுற மாதிரி இருக்கு, பாஸ், மிட், ட்ரெபிள்னு மூணு பட்டை ஈக்வலைசர், ஆக்ஸ், கூடவே வாசிச்சத திருப்பித் திருப்பி எதிரொலிக்கிற டிலே வேற. குறைன்னா தடிச்ச ஆறாவது கம்பி, அத மீட்டுனா கனம் இல்ல, 4 இஞ்ச் ஸ்பீக்கருக்கு அவ்வளவுதான் முடியும். ஆனா பாருங்க, அந்தக் குறை வளவுல தெரியவே இல்ல! அந்த வீடே பாஸத் தூக்கிக் குடுக்குது, ஃபிரன்ட்மேன் கொஞ்சம் கடகடன்னு குழம்புன எடத்துல இது தெளிவா நின்னுச்சு. டிலேயும் தேவைப்படல, பெரிய ஹால் மாதிரி முழக்கம் குடுக்குற ரிவெர்ப் மூணுலயும் கிடையாது, அதுவும் தேவைப்படல, வளவே அதக் குடுத்துடுது. அதே மூணையும் மெத்தை, துணி அலமாரி எல்லாம் இருக்கிற மாடி ரூமுக்குக் கொண்டு போனப்ப நெலமை மாறிப்போச்சு, அங்க மினி ஒல்லியாத் தெரிஞ்சுச்சு, ஆரஞ்சுதான் ராஜா. அதனால பேப்பர்ல எழுதியிருக்கிற கணக்க வச்சு வாங்காதீங்க, வாசிக்கிற ரூமுக்குத் தூக்கிட்டுப் போய்க் கேளுங்க. அப்படி கேக்குறப்ப தரையில வைக்காம ஒரு ஸ்டூல் மேல வச்சு காதப் பாத்து லேசா சாய்ச்சு வைங்க, தரையில இருந்தா ட்ரெபிள் பூரா முழங்காலுக்குப் போயிடும், மூலையில தள்ளி வச்சா பாஸ் ஊதிப்போகும்.

அப்பத்தா பட்டாலையில உக்காந்து பூரா கேட்டுக்கிட்டு இருந்தாங்க, மதியம் சாஞ்சு எந்திரிச்சவங்க மினிய வாசிக்கும்போது "இதுதாப்பா காதுக்கு எதமா இருக்கு"ன்னாங்க. அந்த வீட்டுல யாரையும் சங்கடப்படுத்தாம தினம் ஒரு மணி நேரம் அவன் வாசிக்கணும், அதனால அந்த வார்த்தைக்கு நான் ரொம்ப மதிப்பு குடுத்தேன். கரண்ட் போனாலும் ஓடுங்கறது இன்னொரு காரணம். 6 ஏஏ பேட்டரி போட்டா அல்கலைன்ல சுமார் 7 மணி நேரம் வரும், ஆனா தினமும் பேட்டரில ஓட்டுனா காசு கரைஞ்சுடும், 9 வோல்ட் அடாப்டர் தனியா வாங்கணும், அதையும் சேத்து விலை போட்டுப் பாருங்க. வீட்டுல கிடக்கிற ரவுட்டர் அடாப்டர தயவுசெஞ்சு சொருகாதீங்க, அதுல பெரும்பாலும் நடுமுனை பாசிட்டிவ், இந்த மினிக்கு நடுமுனை நெகட்டிவ் வேணும்.

அவனுக்கு கட்டானா மினி வாங்குனோம். நீங்க தனி ரூம்ல, ராக் வாசிக்கிற ஆளுன்னா நான் யோசிக்காம ஆரஞ்சு சொல்லுவேன். காசு ரொம்ப இறுக்கம், க்ளீன் மட்டும் போதும்னா ஃபிரன்ட்மேன். ப்ளூடூத்தும் போன் ஆப்பும் வச்ச ஆம்ப் நெறைய வந்திருக்கு, நல்லதுதான், ஆனா கத்துக்குற பையன் டோன் தேடியே சாயங்காலத்தத் தொலைச்சிடுறான், நான் பக்கத்துல இருந்து பாத்திருக்கேன். ராத்திரிக்கு மூணுலயும் ஹெட்போன் போடலாம், வயர் ஹெட்போனாப் பாத்து வாங்குங்க, ப்ளூடூத்ல சத்தம் தாமதமா வந்து தாளம் கெடும்.

பழைய வீட்டுக்காரங்க ஒண்ணு கட்டாயம் கவனிக்கணும். நெறைய வீட்டுல இன்னும் ரெண்டு முனை ப்ளக் பாயிண்ட்தான், எர்த் கிடையாது. அதுல மூணு முனை ப்ளக்க எப்படியாவது சொருகி ஆம்ப் போட்டா ம்ம்ம்னு ஒரு இரைச்சல், கம்பியத் தொட்டா கொறையும், கை எடுத்தா கூடும், சில நேரம் விரல்ல சுருக்குன்னு இழுக்கும். ஆம்ப் ரிப்பேருன்னு நெனச்சு கடைக்குத் தூக்கிட்டு ஓடாதீங்க, எலக்ட்ரீஷியனக் கூப்பிட்டு அந்த ஒரு பாயிண்ட்டுக்காவது எர்த் இழுங்க. எர்த் முனைய வெட்டி எறியுற வேலை வேண்டவே வேண்டாம், உசுரு விஷயம்.

நம்மள்ல எல்லாருக்கும் வெளிநாட்டுல ஒரு சொந்தம் இருக்கும், அங்க இருந்து ஆம்ப் கொண்டாரச் சொல்லலாமான்னு கேக்குறாங்க. சிங்கப்பூர், மலேசியான்னா வோல்டேஜ் நம்மளுதுக்கு ஒத்து வரும், ப்ளக் மட்டும் மாத்திக்கலாம். அமெரிக்கால 120 வோல்ட், அங்க வாங்குன ஆம்ப இங்க நேரா சொருகுனா அன்னைக்கே புகைஞ்சிடும், டிரான்ஸ்ஃபார்மர் வாங்கி வச்சு அதத் தூக்கி சுமக்குறதுக்கு இங்கயே வாங்கிடலாம். அமெரிக்கால இருந்து வர்ற அண்ணன்கிட்ட நல்ல கேபிள் ரெண்டும் ஒரு செட் கம்பியும் கேளுங்க, பெட்டியில ஒரு மூலையில அடங்கிடும்.