தலைகீழ் ஊசலுக்கு எந்த மாதிரி, எந்தக் கட்டுப்பாடு? ஓர் ஒப்பீடு

ஓடும் வண்டியின் மேல் கீல் வைத்துப் பொருத்திய கம்பியை விழாமல் நிற்கவைப்பது கட்டுப்பாட்டுப் பொறியியலின் பழைய பயிற்சி. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பொறியியல் படிக்கும் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகள் சிலர் இறுதியாண்டுத் திட்டத்துக்கு இதை எடுத்துக்கொண்டு என்னிடம் வருவதுண்டு. எந்த முறை சிறந்தது என்பதுதான் அவர்களின் முதல் கேள்வி. அவர்கள் படித்துவிட்டு வரும் ஒப்பீடுகளோ பெரும்பாலும் கணினித் திரையோடு நின்றுவிடுகின்றன. கம்பி எத்தனை வினாடியில் நிமிர்கிறது என்பதை வைத்தே முறைகளுக்கு மதிப்பெண் போடுகின்றன. அந்த அளவுகோலை நான் ஏற்பதில்லை. ஒரு முறை மோட்டாரிடம் எவ்வளவு விசை கேட்கிறது, சென்சாரின் பிழையை என்ன செய்கிறது என்ற இரண்டையும் கொண்டுதான் தேர்வு செய்ய வேண்டும். அந்த இரண்டையும் வைத்தே இங்கே ஒப்பிடுகிறேன்.

கணக்கு எல்லா முறைகளுக்கும் ஒன்றாக இருக்கட்டும். வண்டி 1 கிலோ. சீரான கம்பி 0.2 கிலோ, நீளம் 0.6 மீட்டர். தண்டவாளம் 1 மீட்டர், அதாவது நடுவிலிருந்து இருபுறமும் அரை மீட்டர். உராய்வை இப்போதைக்கு விட்டுவிடலாம்.

முதலில் மாதிரி, அதாவது அமைப்பின் இயக்கத்தைச் சொல்லும் சமன்பாடுகள். நியூட்டன் வழியில் போனால் வண்டியையும் கம்பியையும் தனித்தனியாகப் பிரித்து, கீலில் ஒன்றையொன்று தள்ளும் விசைகளை எழுதி, பிறகு அந்த விசைகளையே நீக்க வேண்டும். லக்ராஞ்சு 1788-இல் வெளியிட்ட வழியில் இயக்க ஆற்றலையும் நிலையாற்றலையும் எழுதி வகையிட்டால் போதும்; கீலின் விசைகள் தலைகாட்டுவதே இல்லை. இரண்டும் ஒரே சமன்பாடுகளைத்தான் தரும். குறிப் பிழை வரும் வாய்ப்பு லக்ராஞ்சு வழியில் குறைவு என்பதால் நான் அதையே சொல்கிறேன். கீல் தாங்குமா என்று பார்க்க வேண்டியவர்களுக்கு மட்டும் நியூட்டன் வழி தேவை.

இந்தச் சமன்பாட்டின் உடன்பிறப்பை டர்பன் துறைமுகத்தில் நாள்தோறும் பார்க்கலாம். கன்டெய்னர் தூக்கும் கிரேனில் மேலே ஓடும் தள்ளுவண்டியும் கீழே தொங்கும் பாரமும் இதே ஊசல்தான், ஈர்ப்பு உறுப்பின் குறி மட்டும் மாறியது. அங்கே கட்டுப்பாடு தவறினால் பாரம் ஆடும், ஆனால் விழாது. இங்கே தவறினால் எல்லாம் முடிந்தது. நமது அளவுகளை வைத்துக் கணக்கிட்டால் நிலையற்ற துருவம், அதாவது சாய்வு வளரும் வேகத்தைக் குறிக்கும் எண், வினாடிக்கு 5.29 என்று வருகிறது. அசையாமல் 0.1 பாகை சாய்ந்து நிற்கும் கம்பியை விட்டுவிட்டால் ஒரு வினாடியில் அது ஏறத்தாழ 10 பாகை சாய்ந்திருக்கும். எந்த முறையைத் தேர்ந்தாலும் இந்த வேகத்தோடுதான் போட்டி.

கோணம் சிறியது என்று கொண்டு எளிமையாக்கிய நேரியல் மாதிரி போதுமா, முழு மாதிரி வேண்டுமா? நிற்கவைக்க நேரியல் மாதிரி போதும். ஆனால் அது எங்கே பொய் சொல்லத் தொடங்குகிறது என்பதைப் பலர் சைனை மட்டும் வைத்துப் பார்க்கிறார்கள். 20 பாகையில் சைனுக்குப் பதில் கோணத்தையே போட்டால் பிழை 2 சதவீதம்தான். கோசைனை 1 என்று வைத்ததில் வரும் பிழையோ 6 சதவீதம். 30 பாகையில் அது 13 சதவீதத்தைத் தாண்டுகிறது. வண்டியின் தள்ளல் கம்பியை அடைவது கோசைன் வழியாகத்தான் என்பதால், உண்மையில் நம் கைவலிமை குறைந்துகொண்டே போகிறது. நேரியல் மாதிரிக்கு அது தெரியாது.

இனிக் கட்டுப்பாடு. கோணத்தை மட்டும் அளந்து ஒற்றை பிஐடி (பிழை, அதன் தொகையீடு, அது மாறும் வேகம் மூன்றையும் எண்களால் பெருக்கிக் கூட்டி விசை தரும் முறை) வைப்பது எல்லோரும் முதலில் தொடும் வழி. கம்பியும் நிற்கும். ஆனால் வண்டி நகர்ந்துகொண்டே போய்த் தண்டவாளத்தின் முனையில் மோதும். எண்களை எப்படித் திருகினாலும் இது தீராது, ஏனென்றால் குறை எண்களில் இல்லை. ஒரே வேகத்தில் ஓடும் வண்டியின் மேல் நிமிர்ந்து நிற்கும் கம்பிக்கும், நின்ற வண்டியின் மேல் நிமிர்ந்து நிற்கும் கம்பிக்கும் கோணத்தில் வேறுபாடே கிடையாது. கலிலியோ காலத்திலிருந்து தெரிந்த உண்மை இது. கோணத்தை மட்டும் பார்க்கும் கட்டுப்பாட்டுக்கு வண்டி எங்கே இருக்கிறது என்பது எந்நாளும் தெரியாது. தொகையீட்டு உறுப்பைச் சேர்ப்பதும் இதைத் தீர்க்காது. சென்சாரின் சுழி (பூச்சியம் என்று அது காட்டும் நிலை) 1 பாகை தவறியிருந்தால், அந்த உறுப்பு கம்பியை எப்போதும் 1 பாகை சாய்த்தே வைக்கும். சாய்ந்த கம்பி விழாமல் இருக்க வண்டி வினாடி வர்க்கத்துக்கு 0.17 மீட்டர் முடுக்கத்தோடு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அரை மீட்டர் தீர இரண்டரை வினாடிகூட ஆகாது. எனவே ஒற்றை பிஐடியை நான் போட்டியிலேயே சேர்ப்பதில்லை.

எதிர்ப்பக்கமும் உண்டு: வண்டியின் இடத்தை மட்டும் அளந்தால் என்ன? ஒரு சென்சார் மிச்சமாகுமே என்று கேட்கிறார்கள். கோட்பாட்டில் முடியும், நடைமுறையில் முடியாது. விசையிலிருந்து இடத்துக்குப் போகும் பாதையில் வலப்பாதித் தளத்தில் (நேர்மறைப் பக்கத்தில்) 4.95-இல் வேறொரு வகைச் சுழி இருக்கிறது, அதாவது அந்த வேகத்தில் வளரும் விசை இடத்தில் தெரியாமலே போகும் புள்ளி; 5.29-இல் துருவம். இரண்டும் இவ்வளவு நெருங்கி நின்றால், எந்தக் கட்டுப்பாட்டை வைத்தாலும் உணர்திறனின் உச்சம் (இடையூறு அதிகபட்சம் எத்தனை மடங்கு பெருகும் என்ற அளவு) ஏறத்தாழ 30-க்குக் கீழே வராது. நல்ல வடிவமைப்பில் அது 2-ஐ ஒட்டி இருக்க வேண்டும். போதாக்குறைக்கு, அந்தக் கட்டுப்பாடு தன்னளவில் நிலையற்றதாகவும் இருந்தாக வேண்டும். கோணத்தை அளக்கும் சென்சாரான என்கோடருக்கு ஆகும் செலவைத் தயங்காமல் செய்யுங்கள்.

எஞ்சுபவை மூன்று: இரட்டை வளையப் பிடி (பிடி என்பது தொகையீட்டு உறுப்பு இல்லாத பிஐடி), துருவங்களை இடம்பார்த்து வைத்தல், சாய்வுக்கும் விசைக்கும் நாம் தரும் எடைகளிலிருந்து எண்களைக் கணக்கிடும் எல்க்யூஆர். கோணத்துக்கு ஒரு பிடி, இடத்துக்கு ஒரு பிடி போட்டு இரண்டையும் கூட்டினால் கிடைப்பது என்ன? இடம், வேகம், கோணம், கோணவேகம் ஆகிய நான்கையும் நான்கு எண்களால் பெருக்கிக் கூட்டிய விசை. துருவம் வைக்கும் முறையும் எல்க்யூஆரும் தருவதும் இதே நான்கு எண்கள்தான். ஆகவே இவற்றுள் கட்டமைப்புப் போட்டி எதுவும் இல்லை. எண்களை எப்படித் தேர்கிறோம் என்பதில்தான் வேறுபாடு.

கையால் திருகித் தேடுபவர் தடுக்கி விழும் இடம் ஒன்று இருக்கிறது. வண்டி நடுவிலிருந்து வலப்பக்கம் விலகியிருந்தால், அதை இன்னும் வலப்பக்கம் தள்ள வேண்டும். அப்போது கம்பி இடப்பக்கம் சாயும்; சாய்ந்த கம்பியைப் பிடிக்க வண்டி இடப்பக்கம் ஓடும்; அப்படித்தான் நடுவுக்குத் திரும்புகிறது. ஒரு மாணவி எழுதிக்கொண்டு வந்த நிரலில் இந்த எண்ணின் குறியைக் கண்டு, “அண்ணா, விலகிப்போகிற வண்டியை இன்னும் விலக்குகிறதே, இது பிழைதானே?” என்று கேட்டாள். பிழையே இல்லை. அந்தக் குறியை எதிர்மறையாக மாற்றினால் எந்த எண்ணாலும் கம்பியை நிற்கவைக்க முடியாது. மாதிரி இல்லாமல் திருகுபவருக்கு இது தோன்றவே தோன்றாது. இரட்டை வளையத்தைவிட மற்ற இரண்டையும் நான் மேலாக வைப்பதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

துருவங்களை எங்கே வைப்பது? எதிர்மறைத் துருவம் என்றால் விலகல் தேய்ந்துபோகும்; எண் பெரிதாகப் பெரிதாக வேகமாகத் தேயும். நான்கையும் ஒரே இடத்தில் வைத்து மூன்று வடிவமைப்புகளைக் கணக்கிட்டேன்: மெதுவானது −3-இல், நடுவானது −4-இல், வேகமானது −6-இல். இடத்துக்கான எண் மெதுவானதில் 3.5. வேகமானதிலோ 55.5. வேகத்தை இரட்டிப்பாக்கியதற்குப் பதினாறு மடங்கு விலை. கம்பி 5 பாகை சாய்ந்தால் மெதுவானது 3.1 நியூட்டன் கேட்கிறது, நடுவானது 4.9, வேகமானது 10.9. பெல்ட் வழியாக 8 நியூட்டன் தரும் சிறு மோட்டார் என்று வைத்துக்கொண்டால், வேகமான வடிவமைப்பு திரையில் வென்று மேசையில் தோற்கும்.

சென்சார் பக்கம் இன்னும் கடுமை. ஒரு சுற்றுக்கு 600 துடிப்பு தரும் என்கோடரை நான்மடங்காக எண்ணினால் ஓர் எண்ணிக்கை 0.15 பாகை. 5 மில்லிவினாடிக்கு ஒருமுறை படித்து, முந்தைய அளவைக் கழித்துக் கோணவேகம் காண்பதே எளிய வழி. அப்போது ஓர் எண்ணிக்கையின் தாவல் வினாடிக்கு 30 பாகை என்று தோன்றும். கம்பி ஏறத்தாழ அசையாமலே இருந்தாலும் மெதுவான வடிவமைப்பு 3.6 நியூட்டன் உதறும், நடுவானது 5.8, வேகமானது 13. பல்சக்கரம் கிரீச்சிடுவதும் மோட்டார் சூடேறுவதும் இதனால்தான். பலர் இதைக் கண்டு கட்டுப்பாட்டு முறையையே மாற்றத் தொடங்குகிறார்கள். மாற்ற வேண்டியது கோணவேகத்தைக் காணும் வழியை. வெறும் கழித்தலைவிட, திடீர்த் தாவல்களை மழுப்பும் ஒரு தாழ்நிலை வடிகட்டி மேல்; ஆனால் வடிகட்டி தாமதம் சேர்க்கும், 5.29 என்ற வேகத்தோடு போட்டியிடும்போது தாமதம் விலை மிகுந்தது. மாதிரியையே வைத்து அடுத்த நிலையைக் கணித்து அளவோடு திருத்திக்கொள்ளும் கால்மன் வடிகட்டி இரண்டையும்விட மேல், ஏனென்றால் நாம் என்ன விசை கொடுத்தோம் என்பது அதற்கு முன்பே தெரியும். எல்க்யூஆரா, துருவம் வைத்தலா என்று வாதிடச் செலவிடும் நேரத்தை இங்கே செலவிட்டால் கைமேல் பலன்.

அப்படியானால் மெதுவானதே எப்போதும் நல்லதா? இல்லை, அதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. கோணச் சுழி 1 பாகை தவறினால் மெதுவான வடிவமைப்பில் வண்டி நடுவிலிருந்து 18 சென்டிமீட்டர் தள்ளிப்போய் நிற்கும். நடுவானதில் 9, வேகமானதில் 4. ஒரு பக்கத்துக்கு அரை மீட்டரே இருக்கும் தண்டவாளத்தில் 18 என்பது பெரிய இழப்பு. இதற்கு மருந்து எளிது: தொடங்கும் முன் கம்பியைக் கீழே தொங்கவிட்டு, ஆட்டம் அடங்கியதும் என்கோடரைப் படித்து, அதற்கு நேர் எதிரே 180 பாகையைச் செங்குத்து என்று வைத்துக்கொள்ளுங்கள். தூக்குக்குண்டைவிடத் துல்லியமாக ஈர்ப்பே சொல்லித் தருகிறது. அதன் பிறகு −4-ஐ ஒட்டிய வடிவமைப்பே இந்த அளவுகளுக்கு என் தேர்வு.

எல்க்யூஆரின் மேன்மை இங்கேதான் தெரிகிறது. எவ்வளவு சாய்வைப் பொறுப்பேன், எவ்வளவு விசை என்னிடம் இருக்கிறது என்று எடைகளாகச் சொன்னால், துருவங்களை அதுவே வைக்கும். விசைக்கு எடையை ஏற்றிக்கொண்டே போனால், நிலையற்ற 5.29-ஐ அப்படியே −5.29-க்கு மடித்து வைக்கும். வண்டியின் இடத்துக்குரிய துருவங்களை மட்டும் மெதுவாக்கும். கம்பிக்குத் தேவையான வேகத்தைக் கம்பிக்கும், வண்டிக்குப் போதுமான நிதானத்தை வண்டிக்கும் தருகிறது. நான்கையும் ஒரே இடத்தில் குவிக்கும் வழக்கத்தைவிட இது அறிவுள்ள பங்கீடு. இருந்தாலும் மாணவர்கள் ஒருமுறையாவது துருவங்களைக் கையால் வைத்துப் பார்க்க வேண்டும் என்பேன். பதினாறு மடங்கு எங்கிருந்து வருகிறது என்பது அப்போதுதான் உறைக்கும்.

மோட்டார் தேர்வையும் சொல்லியாக வேண்டும். டிசி மோட்டாருக்குக் கொடுப்பது மின்னழுத்தம், கிடைப்பது விசை. இரண்டுக்கும் நடுவே பேட்டரியின் நிலை இருக்கிறது. மின்வெட்டு உச்சத்தில் இருந்த 2023-இல் இங்கே பேட்டரியை நம்பியே பல வேலைகள் நடந்தன. பேட்டரி இறங்க இறங்க அதே நிரல் குறைந்த விசையைத் தரும், காலையில் நின்ற கம்பி மாலையில் தள்ளாடும். போதாததற்குக் கடற்காற்றின் ஈரத்தில் தண்டவாளக் கம்பிகளில் துரு ஏறி உராய்வும் கூடும். படிப்படியாகச் சுழலும் ஸ்டெப்பர் மோட்டாரில் நாம் கட்டளையிடுவது முடுக்கத்தை. அப்போது வண்டியின் எடை, கம்பியின் எடை, உராய்வு மூன்றுமே சமன்பாட்டிலிருந்து விலகிவிடும். கம்பியின் நீளம் மட்டும் மிஞ்சும், நிலையற்ற துருவம் 4.95 ஆகும். படி தவறாத வரையில் பேட்டரி இறங்கியதும் தெரியாது. படி தவறினால் வண்டி எங்கே இருக்கிறது என்ற கணக்கே கெட்டுவிடும் என்பது அதன் குறை. முதன்முறை செய்பவருக்கு ஸ்டெப்பர்தான் என் பரிந்துரை. உராய்வோடு மல்லுக்கட்டிக் கற்க விரும்புபவர் டிசி மோட்டாரை எடுக்கட்டும்.

முன்கணிப்புக் கட்டுப்பாடான எம்பிசி, தண்டவாளம் இவ்வளவுதான், விசை இவ்வளவுதான் என்ற வரம்புகளை முன்கூட்டியே கணக்கில் எடுக்கும். தண்டவாளம் மிகக் குறுகியதாக இருந்தால் அந்தக் கூடுதல் உழைப்பு பலன் தரும், ஒரு மீட்டர் இருந்தால் தேவையில்லை. பார்ட்டோ, சட்டன், ஆண்டர்சன் மூவரும் 1983-இல் இதே வண்டியையும் கம்பியையும் வைத்துத்தான் தானே கற்கும் முறையைக் காட்டினார்கள். கற்றல் ஆய்வுக்கு அது சிறந்த களம். ஆனால் சமன்பாடு இவ்வளவு தெளிவாகத் தெரிந்த ஓர் அமைப்பை, விழுந்து விழுந்து கற்கவிடுவதற்கு நான் காரணம் காணவில்லை.

தொங்கும் கம்பியை மேலே ஏற்றும் வேலைக்கு மட்டும் மேற்சொன்ன எந்த நேரியல் முறையும் உதவாது. அதற்கு ஆஸ்ட்ரோமும் ஃபுருட்டாவும் 2000-இல் விளக்கிய ஆற்றல் வழி இருக்கிறது: கம்பியின் மொத்த ஆற்றல் செங்குத்து நிலையின் ஆற்றலை எட்டும்வரை ஒவ்வொரு வீச்சிலும் வண்டியால் ஆற்றலை ஊட்டுவது. மேலே நெருங்கியதும் எல்க்யூஆரிடம் கைமாற்ற வேண்டும். கைமாற்றும் கோணத்தை 30 பாகை என்று வைப்பவர்கள், கோசைன் இழந்த 13 சதவீதத்தையும் மோட்டாரின் உச்ச விசையையும் ஒருமுறை கணக்கிட்டுப் பார்க்கட்டும். 8 நியூட்டன் மோட்டாரும் −4 வடிவமைப்பும் என்றால் 8 பாகைக்கு மேலே போனதுமே மோட்டார் தன் உச்சத்தைத் தொட்டுவிடும். எனவே கோணம் 8 பாகைக்குள் வந்து, கோணவேகமும் அடங்கியிருந்தால் மட்டும் கைமாற்றுமாறு எழுதுங்கள்.